ஆட்சி மாறுன தேதி எல்லாருக்கும் தெரியும், கடைசி தவணை என்னைக்கு கட்டுனாங்க?

நான் தொழில்ல கணக்கு பாக்குறவன். ஒரு கம்பெனி கை மாறுச்சுன்னா வாசல்ல போர்டு ஒரே நாள்ல மாறிடும், எம்.டி. சீட்டுல வேற ஆள் வந்து உக்காந்துருவார், ஆனா பழைய லோன், சப்ளையருக்கு தர வேண்டிய பாக்கி, ரிட்டயர் ஆனவங்களுக்கு ஒத்துக்கிட்ட தொகை, கோர்ட்டுல இழுத்துக்கிட்டு கெடக்குற கேஸு, இதெல்லாம் அப்படியே புது ஓனரோட புக்ல ஏறிக்கும், அத தீர்த்து முடிக்க வருஷக்கணக்கா ஆகும். பொருளாதார வரலாறு சொந்த ஆர்வத்துல படிக்க ஆரம்பிச்சப்போ இந்தக் கண்ணு கூடவே வந்துடுச்சு. எந்த நாட்டுல எந்த சிஸ்டம் மாறுனாலும் நான் மொதல்ல தேடுறது பழைய பாக்கி எங்க போச்சுன்னுதான்.

பாடப்புத்தகத்துல மாற்றம்னா ஒரு தேதி. இந்த வருஷம் அடிமை முறை ஒழிஞ்சது, இந்த வருஷம் நிலப்பிரபுத்துவம் ஒழிஞ்சது, இந்த வருஷம் சந்தைப் பொருளாதாரம் வந்தது. ஆனா நானும் கொஞ்சம் நண்பர்களும் லீவு நாள்ல சேந்து உக்காந்து ஒவ்வொரு நாட்டு கதையா பிரிச்சுப் படிச்சு பேசுறதுல எனக்கு ஒண்ணு ரொம்ப உறுதியாயிடுச்சு. பழைய சிஸ்டத்துல யாரு கைல அதிகாரமும் சொத்தும் இருந்துச்சோ, மாற்றம் வர்றப்போ அது பெரும்பாலும் ஒரு பேப்பரா மாறும், பாண்டா (அதாவது வட்டி தர்ற கடன் பத்திரமா), தவணையா, வட்டியா, ஷேரா, பென்ஷனா. அந்தப் பேப்பர் யாரு கைல போச்சு, அதுக்கான காச யாரு கட்டுனா, எத்தன வருஷம் கட்டுனா, இந்த மூணையும் பாத்தா போதும், அந்த மாற்றம் யாருக்கு எவ்ளோ தூரம் நெஜம்னு தெரிஞ்சிரும்.

பிரான்ஸ எடுத்துக்கோங்க. 1789 ஆகஸ்ட் 4 ராத்திரி தேசிய சபைல பிரபுக்களும் பாதிரிமாரும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் எந்திரிச்சு எங்க சலுகைய விட்டுக்குடுக்குறோம்னு சொன்னாங்க, நிலப்பிரபுத்துவத்த முழுசா ஒழிக்கிறோம்னு அறிவிப்பு வந்துச்சு, எல்லா புக்லயும் இந்த ராத்திரி இருக்கும். ஒரு வாரம் கழிச்சு அத எழுத்துல போடுறப்போ உரிமைகள ரெண்டா பிரிச்சாங்க. ஆளோட உடம்பு மேல இருந்த கட்டுப்பாடு, அது ஈடு இல்லாம ரத்து. நிலத்து மேல பிரபுவுக்கு வருஷா வருஷம் கட்ட வேண்டியது, அத விவசாயி பணம் குடுத்து மீட்டுக்கணும். 1790ல அதுக்கு ரேட்டே போட்டாங்க, பணமா கட்டிக்கிட்டு இருந்ததுன்னா வருஷத் தொகைல 20 மடங்கு, தானியமா அளந்து குடுத்துக்கிட்டு இருந்ததுன்னா 25 மடங்கு. அவ்ளோ காசு எந்த விவசாயி கைல இருக்கு? நெறைய பேர் கட்ட மறுத்தாங்க, கிராமம் கிராமமா கலவரம், பிரபு வீட்டுல புகுந்து பத்திரத்த எரிச்சாங்க. கடைசியா 1793 ஜூலை 17ல தான் எந்த ஈடும் வேண்டாம்னு முழுசா ரத்து பண்ணி, அந்தப் பத்திரங்கள கொளுத்தச் சொல்லி சட்டமே போட்டாங்க. விவசாயி பக்கத்துல நின்னு பாத்தா நிலப்பிரபுத்துவம் ஒழிஞ்சது ஆகஸ்ட் 4 இல்ல, நாலு வருஷம் கழிச்சு வந்த ஜூலை 17.

அதனால நான் புதுசா படிக்க வர்றவங்களுக்கு மொதல்ல சொல்றது, அறிவிப்ப படிச்சுட்டு மூடி வச்சுராதீங்க, அதுக்கு அடுத்து வர்ற விதிமுறைய தேடிப் படிங்க. அறிவிப்புல "எல்லாம்"னு இருக்கும், விதில "இது தவிர"ன்னு இருக்கும். இது 1789க்கு மட்டும் இல்ல, இன்னைக்கு காலைல வந்த செய்திக்கும் அதேதான்.

எனக்கு ரொம்ப மனச பாதிச்சது ரஷ்யா. 1861ல ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் பண்ணையடிமைகள விடுதலை பண்ணாரு, பிரபுக்களுக்கு கீழ இருந்தவங்க மட்டும் 2 கோடிக்கும் மேல. ஆளு சுதந்திரம், கல்யாணம் பண்ண யாரு பர்மிஷனும் வேண்டாம், சொத்து வாங்கலாம், கோர்ட்டுக்கு போலாம், இதெல்லாம் சின்ன விஷயம் இல்ல. ஆனா தலைமுறை தலைமுறையா உழுத நிலம் பிரபுவோடதுன்னு சட்டம் எடுத்துக்கிச்சு, அதுல ஒரு பங்க விவசாயி வெல குடுத்து வாங்கணும். அரசாங்கம் அந்த வெலைல சுமார் 80 சதவீதத்த பிரபுவுக்கு பாண்டா குடுத்துடும், விவசாயி அத அரசாங்கத்துக்கு வருஷத்துக்கு 6 சதவீதம்னு 49 வருஷம் கட்டணும். 49 வருஷம்! முப்பது வயசுல விடுதலை ஆனவன் எழுபத்தொம்போது வயசுல தான் கடன் இல்லாத மனுஷன். பல இடத்துல நிலத்துக்கு போட்ட வெல மார்க்கெட் ரேட்ட விட அதிகம், ஏன்னா நிலத்தோட வெலைக்குள்ளயே பிரபு இழந்த ஆளோட உழைப்பு வெலையும் மறைவா சேந்துருக்கு.

இதுல கணக்கு பாக்குறவன் கண்ணுக்கு மட்டும் படுற மாதிரி ஒண்ணு இருக்கு. விடுதலைக்கு முன்னாடியே பிரபுக்கள் தங்களோட பண்ணையடிமைகள்ல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு பேர அரசாங்க பேங்க்ல அடமானம் வச்சு கடன் வாங்கியிருந்தாங்க. ஆமா, மனுஷங்கள அடமானம். ஈட்டுத் தொகை குடுக்குறப்போ அரசாங்கம் அந்தப் பழைய கடன கழிச்சுக்கிட்டு மீதிய தான் குடுத்துச்சு. அதாவது பிரபு முன்னாடி வாங்கி செலவு பண்ண கடனையும் சேத்து விவசாயி தவணைல தான் அடைஞ்சது. இன்னொண்ணு, தவணை தனி ஆள் பேர்ல இல்ல, பல இடத்துல கிராம சமூகத்துக்கே கூட்டுப் பொறுப்பு, ஒருத்தன் கட்டலன்னா மத்தவங்க கட்டணும், அதனால கிராமமே தன் ஆள வெளிய போக விடாது, வேலை தேடி டவுனுக்கு போகணும்னா சமூகத்துக்கிட்ட அனுமதிச் சீட்டு வாங்கணும். பிரபு கட்டி வச்சிருந்தத இப்போ தவணை கட்டி வச்சிருக்கு. அந்தக் கூட்டுப் பொறுப்ப 1903ல தான் எடுத்தாங்க. 1905 புரட்சி வெடிச்ச பிறகு தவணைய பாதியா குறைச்சு, 1907 ஜனவரி 1லருந்து முழுசா ரத்து பண்ணாங்க. அதுக்கு பத்து வருஷம் கழிச்சு 1917. ரஷ்யப் புரட்சியப் பத்தி கட்சி, தலைவர், போர்னு மட்டும் பேசுறவங்ககிட்ட நான் இந்த 49 வருஷ தவணைய எடுத்து வைக்காம விடுறதே இல்ல. நிலத்துக்கு நாங்க ஏற்கனவே உழைப்பால வெல குடுத்துட்டோம்னு நெனச்சவங்க ரெண்டு தலைமுறை அத மறுபடி காசா கட்டியிருக்காங்க, அந்தக் கோவம் எங்கருந்து வந்துச்சுன்னு வேற எங்கயும் தேட வேண்டியதில்ல.

எங்க கூட்டத்துல ஒரு காலேஜ் பையன் வருவான், அதிகம் பேச மாட்டான். பிரிட்டன் அடிமை முறைய ஒழிச்ச கதைய படிச்சுக்கிட்டு இருந்தோம். 1833 சட்டம், 1834 ஆகஸ்ட் 1 அமலுக்கு வந்துச்சு, ஈட்டுத் தொகை 2 கோடி பவுண்ட், அரசாங்கத்தோட வருஷ செலவுல கிட்டத்தட்ட 40 சதவீதம், அதுல ஒன்றரை கோடிய லண்டன் நிதி முதலாளிங்க நாதன் ராத்ஸ்சைல்டும் மோசஸ் மான்டிஃபியோரியும் சேந்து கடனா திரட்டிக் குடுத்தாங்க. நான் இத சொல்லிக்கிட்டே போறப்போ அவன் கேட்டான், "சார், விடுதலை ஆனவங்களுக்கு இதுல எவ்ளோ சார்?" ஒண்ணும் இல்லப்பான்னேன். "அப்போ ஈடுன்னா யாருக்கு ஈடு?"ன்னான். ஓனருக்கு. சுமார் 8 லட்சம் பேர் விடுதலை ஆனாங்க, ஒருத்தர் கைலயும் ஒரு காசு வரல, அதுக்கும் மேல "அப்ரன்டிஸ்"னு ஒரு பேர் வச்சு பழைய எஜமானுக்கே வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கும் மேல சம்பளம் இல்லாம உழைக்கணும்னு வச்சிருந்தாங்க, வயல் வேலைக்காரங்களுக்கு ஆறு வருஷம்னு திட்டம், எதிர்ப்பு தாங்காம 1838ல முடிச்சாங்க. அந்தப் பையன் கொஞ்ச நேரம் நோட்டுல எதையோ கிறுக்கிட்டு, "அப்போ அந்த ஆறு வருஷமும் ஈட்டுல ஒரு பங்குதான சார், காசுக்கு பதிலா ஆளா குடுத்துருக்காங்க"ன்னான். அவ்ளோ சரியா அத நான் எங்கயும் படிச்சதில்ல.

அந்தக் கடன் பேப்பர் மாறி மாறி, வேற வேற பாண்டுக்குள்ள கலந்து, கடைசியா அடைஞ்சது 2015ல. 2015! அடிமையா இருந்தவங்களோட வழித்தோன்றல்கள்ல பிரிட்டன்ல வரி கட்டுனவங்க எல்லாருமே அந்தக் கடன்ல ஒரு துளி கட்டியிருக்காங்க. ஓனர்கள் பட்டியல் இன்னைக்கும் இருக்கு, 40,000க்கும் மேல விண்ணப்பம், அதுல பெரிய தோட்டக்காரன் மட்டும் இல்ல, ரெண்டு மூணு பேர வச்சிருந்த விதவைங்க, பாதிரிமார், இப்படி சாதாரண நடுத்தர ஆளுங்களும் நெறைய. ஒரு சிஸ்டத்துக்கு ஆதரவு மேல்தட்டுல மட்டும் இருக்குறதில்ல, அது எத்தன வீட்டோட வருமானத்துக்குள்ள புகுந்துருக்குன்னு இந்த மாதிரி பட்டியல பாத்தா தெரியும், மாற்றம் ஏன் அவ்ளோ லேட்டாச்சுங்குற கேள்விக்கும் பதில் அங்கயே இருக்கும்.

சரி, பில்லே வேண்டாம், அடிச்சு வாங்கிக்கலாம்னு போனா? பிரான்ஸோட காலனியா இருந்த ஹைட்டி அப்படித்தான் போனாங்க. அடிமைங்களே எந்திரிச்சு போராடி 1804ல தனி நாடு. 1825ல பிரெஞ்சு ராஜா பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்கள அனுப்பி, 15 கோடி பிராங்க் குடுத்தா அங்கீகாரம்னு கழுத்துல கத்தி வச்சாரு. மொத தவணை 3 கோடி, அதக் கட்ட பிரான்ஸ் பேங்க்ல தான் கடன், அதுல 60 லட்சம் கமிஷனா கழிஞ்சு கைல வந்தது 2 கோடியே 40 லட்சம். 1838ல மொத்தத்த 9 கோடியா குறைச்சாங்க, ஆனா அதோட தொடர்ச்சியா வாங்குன கடன் மேல கடன் 1947 வரைக்கும் இழுத்துச்சு. ஜெயிச்சவங்க தோத்தவங்களுக்கு ஈடு கட்டுனாங்க, அதுவும் தங்களோட சொந்த உடம்புக்கான வெலையா. ஸ்கூலு, ரோடு, ஆஸ்பத்திரின்னு ஒரு புது நாட்டுக்கு மொத நூறு வருஷத்துல போயிருக்க வேண்டிய காசு எங்க போச்சுன்னு தெரியாம அந்த நாட்டோட வறுமையப் பத்தி யாரும் அபிப்ராயம் சொல்லக் கூடாதுன்னு நான் நெனக்கிறேன்.

ஜப்பான் வேற மாதிரி. 1871ல மெய்ஜி பேரரசரோட புது அரசு குறுநில ஆட்சிகள கலைச்சுடுச்சு, சாமுராய்னு சொல்ற போர்வீரர் குடும்பங்களுக்கு வம்சாவளியா வந்துக்கிட்டு இருந்த உதவித்தொகைய அரசாங்கம் தன் தலைல ஏத்துக்கிச்சு, அது வருமானத்துல மூணுல ஒரு பங்க தின்னுச்சு. 1876ல எல்லாத்தையும் கட்டாயமா பாண்டா மாத்திட்டாங்க, இனிமே உதவித்தொகை கெடையாது, இந்தா பத்திரம், வட்டி வாங்கிக்கோ. அதே வருஷம் சட்டத்த மாத்தி, இந்த பாண்டையே மூலதனமா வச்சு பேங்க் ஆரம்பிக்கலாம்னாங்க. 1879க்குள்ள 153 தேசிய பேங்க். பெரிய டைம்யோ, அதாவது பழைய குறுநில மன்னர், குடும்பங்க பேங்க் முதலாளிங்களா ஆனாங்க. சின்ன சாமுராய்க்கு கெடச்ச பாண்டோட வட்டி வயித்துக்கே பத்தல, 1877ல சத்சுமா பகுதில சாமுராய் கலகம், அத அடக்க அரசாங்கம் நோட்டு அடிச்சுது, வெலவாசி ஏறுச்சு, வட்டி மட்டும் அப்படியே நின்னுச்சு, பாண்ட வித்துட்டு போலீஸ்லயும் ஸ்கூல்லயும் வேலைக்கு போனாங்க, பலர் ஒண்ணுமில்லாம போனாங்க. ஒரே சட்டம், ஒரே பேப்பர், ஆனா பெரிய தொகையா கெடச்சவனுக்கு அது முதல், சின்ன தொகையா கெடச்சவனுக்கு அது ரெண்டு வருஷ சாப்பாடு.

இத கண்டுக்கிட்டா மத்த எடத்துலயும் பளிச்சுன்னு தெரியும். தைவான்ல 1953 நிலச் சீர்திருத்தத்துல நிலக்காரங்களுக்கு 70 சதவீதம் நெல்லு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு அளவுல கணக்கு போட்ட பாண்டு, 30 சதவீதம் நாலு அரசு கம்பெனிகளோட ஷேர். பாண்ட பண்டத்துல கணக்கு போட்டதால பணவீக்கம் அத அரிக்க முடியல, அது நல்ல யோசனை. ஆனா ஷேர்? அது என்னன்னே தெரியாத சின்ன நிலக்காரங்க வந்த வெலைக்கு வித்தாங்க, சில பெரிய குடும்பங்க சேத்து வச்சு சிமென்ட் முதலாளிங்களானாங்க. சோவியத் யூனியன் கலைஞ்ச கையோட ரஷ்யால 1992 ஜனவரி 2ல வெலைக் கட்டுப்பாட்ட எடுத்தாங்க, அந்த வருஷம் பணவீக்கம் சுமார் 2,500 சதவீதம், வாழ்நாள் பூரா பேங்க்ல போட்ட சேமிப்பு கரைஞ்சு போச்சு, அக்டோபர்லருந்து ஆளுக்கு 10,000 ரூபிள் முகமதிப்புல ஒரு வவுச்சர், நாட்டோட தொழிற்சாலைல உங்க பங்குன்னாங்க. சேமிப்பு போனவன் கைல வவுச்சர குடுத்தா என்ன பண்ணுவான்? வித்துருவான். வித்தான். யாரு கைல காசு இருந்துச்சோ அவன் சேத்தான். வவுச்சர்ல தப்பு இருந்துச்சா இல்லையான்னு பொருளாதார நிபுணர்கள் இன்னும் சண்டை போடுறாங்க, என்னப் பொறுத்தவரைக்கும் முக்கியமான விஷயம் வரிசை தான், மொதல்ல சேமிப்ப அழிய விட்டுட்டு அப்புறம் சொத்த பிரிச்சுக் குடுத்தா அந்தப் பங்கீடு ஒரு சில வருஷம் கூட நிக்காது.

கிழக்கு ஜெர்மனில 1990 ஜூலை 1 நாணய இணைப்பு நடந்து கிழக்கு மார்க் மேற்கு மார்க்கா மாறுனப்போ இந்த விஷயத்த கவனிச்சாங்க, சம்பளம் ஒண்ணுக்கு ஒண்ணு, பெரியவங்களுக்கு 4,000 மார்க் வரை சேமிப்பும் ஒண்ணுக்கு ஒண்ணு, வயசானவங்களுக்கு 6,000 வரை, அதுக்கு மேல ரெண்டுக்கு ஒண்ணு. சேமிப்பு தப்பிச்சுது. ஆனா அந்த சம்பளத்த குடுத்து தொழிற்சாலைங்களால போட்டி போட முடியல, வேலை போச்சு, தொழிற்சாலைங்கள விக்க வச்ச அரசு நிறுவனம் 1994ல மூடுறப்போ 20,000 கோடி மார்க்குக்கும் மேல கடன். 1991ல தொடங்குன ஒருமைப்பாட்டு கூடுதல் வரி பெரும்பாலான ஜெர்மானியருக்கு நின்னது 2021ல. செலவு இல்லாம எந்த மாற்றமும் வராது, ஆனா செலவ பூரா நாட்டு மேல பரப்புறதுக்கும், சேமிப்பு வச்சிருந்த வயசானவங்க தலைல மட்டும் கட்டுறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நாங்க படிக்கிறப்போ இதுக்குன்னு ஒரு டேபிள் போட்டுக்குவோம், நீங்களும் போட்டுப் பாருங்க, ஒரு பக்கம் போதும். அறிவிச்ச தேதி. யாரு எத இழந்தாங்க. ஈடா கெடச்சது காசா, பாண்டா, ஷேரா, ஆளோட உழைப்பா. கட்டுனது யாரு. முடிஞ்ச தேதி. இதுல கடைசி கட்டத்த நிரப்புறதுதான் கஷ்டம், அதுக்குத்தான் நெறைய தேடணும், ஆனா மொத்த விஷயமும் பெரும்பாலும் அங்கதான் இருக்கு. அதோட இடைக்காலப் பேரு எதாச்சும் இருக்கான்னும் பாத்து எழுதிக்கோங்க, "அப்ரன்டிஸ்", "தற்காலிகக் கடமைப்பட்டவர்" மாதிரி. ரஷ்யால நிலத்த மீட்கத் தொடங்காம பிரபுவுக்கே பழையபடி கட்டிக்கிட்டு இருந்தவங்களுக்குத்தான் அந்த ரெண்டாவது பேரு, அவங்கள்ல ஒரு பகுதி இருபது வருஷம் அப்படியே இருந்தாங்க, 1881 சட்டம் வந்து கட்டாயப்படுத்துன பிறகுதான் வெளிய வந்தாங்க. தற்காலிகம்னு ஒரு சட்டத்துல பாத்தீங்கன்னா பக்கத்துல முடிவுத் தேதி இருக்கான்னு கண்டிப்பா தேடுங்க.

சில மாற்றத்துக்கு டேபிள்ல அறிவிச்ச தேதியே இருக்காது. இங்கிலாந்துல பண்ணையடிமை முறைய ஒழிக்கிறோம்னு பொதுச் சட்டம் எதுவும் வரல. 1348ல பிளேக் வந்து ஜனத்தொகைல பெரும் பங்கு செத்துப்போக, வேலைக்கு ஆள் இல்ல, கூலி ஏறுச்சு, 1351ல கூலிக்கு உச்சவரம்பு சட்டம் போட்டும் நிக்கல, பக்கத்து பண்ணைக்காரனே கூடக் குடுத்து ஆள இழுத்தான், நூறு நூத்தம்பது வருஷத்துல அது தானா தேஞ்சு போச்சு. ஆனா அந்தக் காலத்து நில உரிமை முறை ஒண்ணு, காப்பிஹோல்டுன்னு பேரு, அது சட்டப்படி முடிஞ்சது 1926 ஜனவரி 1. ஸ்காட்லாந்துல நிலப்பிரபுத்துவ உரிமை முறை முடிஞ்சது 2004 நவம்பர் 28. புதுசும் பழசும் ஒரே நேரத்துல ஒரே நாட்டுல நூத்துக்கணக்கான வருஷம் கூடவே இருந்துருக்கு, அதனால "அந்த சிஸ்டம் போயி இந்த சிஸ்டம் வந்துச்சு"ன்னு யாராச்சும் ஒரே வரில சொன்னா, எதுல போச்சு, கூலிலயா, பத்திரத்துலயா, ஓட்டுலயான்னு திருப்பிக் கேளுங்க.

இந்தப் பழக்கம் பழைய கதைக்கு மட்டும் இல்ல. இப்போ நாங்க ஜெர்மனி நிலக்கரிய விடுற சட்டத்த எடுத்து வச்சிருக்கோம், 2020ல வந்தது, 2038க்குள்ள முடிக்கணும். பழுப்பு நிலக்கரி நடத்துற ரெண்டு பெரிய கம்பெனிக்கு மொத்தம் 435 கோடி யூரோ ஈடு. அதோட நிலக்கரி பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரைக்கும் உதவி, 58 வயசு தாண்டுன தொழிலாளிங்களுக்கு பென்ஷன் வர்ற வரைக்கும் அஞ்சு வருஷம் வரை மாற்றத் தொகை. கம்பெனிக்கு அவ்ளோ எதுக்குன்னு எங்க கூட்டத்துலயே பெரிய வாக்குவாதம். ஆனா டேபிள நிரப்புறப்போ 1833க்கும் 1861க்கும் காலியா விட்ட எடத்துல, அதாவது உழைச்சவனுக்கு என்ன கெடச்சதுங்குற எடத்துல, இந்தத் தடவ எழுதுறதுக்கு ஏதோ இருந்துச்சு. அந்தத் தொகை போதுமா, ஒப்பந்தக் கூலிக்கு வேலை பாத்தவங்களுக்கு அது போய்ச் சேருதா, நாப்பது வயசுல வேலை போறவன் என்ன பண்ணுவான், இதத்தான் அடுத்த வாரத்துக்குன்னு எடுத்து வச்சிருக்கோம், அந்தக் காலேஜ் பையன் சட்டத்தோட விதிகளப் பிரிச்சுப் படிச்சுட்டு வர்றேன்னு சொல்லியிருக்கான்.